சீதனக் காணி அவவின்ர, கையெழுத்து மட்டும் ஏன் அவற்ற?

வாசகர் ஒருவர் எழுதினது, 2024 பெப்ரவரி 11

தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டத்தை, இப்ப ஆளாளுக்குத் திட்டுறது ஒரு பாஷனாப் போச்சு. உலகத்தில கன சமூகங்களில பொம்பிளைக்கு ஒரு முழம் நிலம் இல்லாத காலத்திலயே எங்கட ஆக்கள் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் எழுதிக் குடுத்தவை. தாயின்ர சொத்து மகளுக்கு எண்டு வழமையே இருந்தது. அப்பிடி இருக்க ஐநா, சீடோ (பொம்பிளையளுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கிற ஐநா சமவாயம்) எண்டு வெளியாக்கள் வந்து எங்களுக்குப் பெண்ணுரிமை படிப்பிக்கத் தேவை இல்லை எண்டுறன். மறுப்பு இருந்தாச் சொல்லுங்கோ.

பெப்ரவரி 11, இரவு 9.40

மறுப்பு இருக்கு. முழுக்க இல்லை, பாதி. நான் யாழ்ப்பாணத்தில ஒரு நொத்தாரிசு கந்தோரில 19 வருசமா உறுதி, அதாவது காணிப் பத்திரம், டைப் பண்ணுறன், முதல் டைப்ரைட்டர், இப்ப கொம்பியூட்டர். நீங்கள் சொல்லுற முதல் பாதி உண்மை. சீதன உறுதி எத்தினை அடிச்சிருப்பன் எண்டு கணக்கில்லை, வீடு, வளவு, கிணத்தில பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் பெட்டையின்ர பேரில. வேற இடத்துப் பொம்பிளையளுக்குச் சொன்னா வாயைப் பிளப்பினம்.

ஆனா அந்தப் பெட்டை கலியாணம் முடிச்ச பிறகு அதே காணியை விக்க வந்தா நான் இன்னொரு வரி சேத்து அடிக்க வேணும், "எனது கணவரின் சம்மதத்துடன்" எண்டு. கீழ அவருக்கு ஒரு கையெழுத்துக் கோடு. அந்தக் கோடு வெறுமையா இருந்தா உறுதி செல்லாது. அவவின்ர தாய் அவவுக்குக் குடுத்த காணி, வாங்கின காசில அந்த மனிசன்ர ஒரு சதமும் இல்லை, அவர் கோடு போட்டாத்தான் விக்கலாம், ஈடு வைக்கலாம், நன்கொடை குடுக்கலாம்.

அவர் தன்ர காணியை விக்கேக்க மனிசியின்ர சம்மத வரி நான் ஒருநாளும் அடிச்சதில்லை. சட்டம் கேக்கேல்லை.

பெப்ரவரி 11, இரவு 10.15

சட்டம் எது எண்டு கேட்டிருந்தீங்கள். 1911ம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் கட்டளைச் சட்டம், 6ம் பிரிவு. அசையும் சொத்து எண்டா, நகை மாதிரி, கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர பாட்டில விக்கலாம். அசையாச் சொத்து எண்டா புருசன்ர எழுத்து மூலச் சம்மதம் வேணும். இது அவவின்ர தனிச் சொத்தைப் பற்றிய கதை, தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து, வேற.

அதே பிரிவில இன்னொண்டு இருக்கு, ஆரும் கவனிக்கிறேல்லை. மரணசாசனம் எழுத அவவுக்குப் புருசன்ர சம்மதம் தேவையில்லை. உயிரோட இருக்கேக்க ஒரு பரப்பை (பரப்பு எண்டது எங்கட காணி அளவு) விக்க ஏலாது, செத்தாப் பிறகு முழுக்காணியும் ஆருக்கும் போகட்டும் எண்டு எழுதிவைக்கலாம். மரணசாசனம் எழுதுற அளவுக்கு அவவுக்குப் புத்தி இருக்கெண்டு ஒத்துக்கொள்ளுற சட்டம், விக்கிற புத்தி மட்டும் இல்லையெண்டு எப்பிடி நினைச்சுதோ தெரியேல்லை.

பெப்ரவரி 12, காலமை

ராத்திரி அவசரத்தில எழுதினதால கொஞ்சம் விட்டிட்டன். என்ர சின்னம்மாவின்ர கதையைச் சொன்னாத்தான் நான் ஏன் இதில இவ்வளவு நிக்கிறன் எண்டு விளங்கும்.

சின்னம்மாவுக்கு அம்மம்மா 3 பரப்பு சீதனமாக் குடுத்தவ. முன்னுக்கு வீடு, பின்னுக்குப் பனை, ஒரு ஓரமா பங்குக் கிணறு. சித்தப்பா வெளியில போனவர், முதல் ரெண்டு வருசம் காசு வந்தது, பேந்து கடிதம் மட்டும் வந்தது, பேந்து ஒண்டும் இல்லை. அங்க வேற குடும்பம் எண்டு ஆக்கள் சொல்லிச்சினம். தன்ர மகளின்ர படிப்புக்கு எண்டு சின்னம்மா பின்வளவில ஒண்டரைப் பரப்பை விக்கப் பாத்தா. வாங்க ஆளும் வந்திட்டுது, பக்கத்து வளவுக்காரர், நல்ல மனிசன், அட்வான்ஸும் குடுத்திட்டார். உறுதி எழுத வந்த இடத்தில எங்கட ஐயா, நொத்தாரிசு, கேட்ட முதல் கேள்வி, "அவர் எங்க?" எண்டது தான்.

நான் அப்ப அதே கந்தோரில கதிரையில இருக்கிறன். சின்னம்மா என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வை எனக்கு இப்பவும் நினைவு. நான் அவவுக்கு முதலே சொல்லி வச்சிருக்க வேணும், நான் தானே உந்த வரியை நாளாந்தம் அடிக்கிறவள். என்ர சொந்தச் சின்னம்மாவுக்கு அது பொருந்தும் எண்டு எனக்கு ஓடவே இல்லை, ஏனெண்டா அவர் எங்கட மனசில புருசனா இல்லாமல் போய்க் கன காலம்.

பெப்ரவரி 12, மத்தியானம்

"நீதிமன்றத்துக்குப் போகலாமே, 8ம் பிரிவு இருக்கே" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். ஓம், இருக்கு. புருசன் கைவிட்டிட்டுப் போனா, ரெண்டு பேரும் இணங்கிப் பிரிஞ்சிருந்தா, அவர் ரெண்டு வருசத்துக்கு மேல மறியலில இருந்தா, சித்தசுவாதீனம் இல்லையெண்டா, இருப்பிடம் தெரியாட்டி, நியாயம் இல்லாமச் சம்மதம் தர மறுத்தா, மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போட்டு அவற்ற சம்மதம் இல்லாமலே விக்க அனுமதி எடுக்கலாம். சின்னம்மாவும் அதைத்தான் செய்தவ.

ஆனா பாருங்கோ. சட்டத்தரணிக்குக் காசு. தவணைக்குத் தவணை பஸ். பேப்பரில அறிவித்தல். மனுவில "என்னைக் கைவிட்டிட்டுப் போட்டார்" எண்டு எழுதி அவ கையெழுத்து வைக்க வேணும், அதை மண்டபத்தில வாசிப்பினம், ஊர்ச்சனம் நாலு பேர் பின்வாங்கில இருக்கும். இவ்வளவு காலமும் "அவர் அங்க வேலையா இருக்கிறார்" எண்டு சொல்லிக் காப்பாத்தின மானத்தை ஒண்டரைப் பரப்புக்காகக் குடுத்தவ. 14 மாசம் போச்சு. அனுமதி கிடைச்சது. அதுக்குள்ள பக்கத்து வளவுக்காரர் வேற காணி வாங்கிட்டார், பேந்து வந்த ஆள் குறைச்ச விலைக்குத்தான் கேட்டுது. சின்னம்மாவின்ர மகள் அந்த வருசம் படிக்கப் போகேல்லை.

சட்டத்தில வழி இருக்கு எண்டுறது வேற, அந்த வழியால நடக்கிறது வேற.

பெப்ரவரி 12, இரவு

வெளியாள் கதைக்கு வாறன்.

தேசவழமையை எழுத்தில கொண்டுவந்தது ஆர்? ஒல்லாந்தர். கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட திசாவை (ஒல்லாந்த அதிகாரி), 1706, 1707 காலத்தில, ஒல்லாந்தத் தேசாதிபதி கேட்டதுக்காக எழுதிக் குடுத்தது. தமிழில மாத்தி 12 முதலிமாருக்கு, எங்கட ஊர்த் தலைவர்மாருக்கு, காட்டி, சரி எண்டு ஒப்பம் வாங்கினவை. 1806ல இங்கிலீஸ்காரர் 18ம் இலக்க ஒழுங்குவிதியால அதுக்குச் சட்ட வலு குடுத்தவை. 1911ல சட்டசபை திருத்தினது, அப்ப இந்த நாட்டில பொம்பிளையளுக்கு வாக்கே இல்லை, 1931ல தான் வந்தது. எழுதிவச்சது ஒல்லாந்தர், சட்டமாக்கினது இங்கிலீஸ்காரர், அதெல்லாம் "எங்கட", ஆனா சீடோ மட்டும் "வெளி" எண்டா எனக்கு விளங்கேல்லை. சீடோவில இலங்கை தானே கையெழுத்து வச்சது, 1981 ஒக்டோபரில ஏற்று உறுதிப்படுத்தினது. ஒருத்தரும் கையைப் பிடிச்சு வைக்கேல்லை.

என்ர எண்ணம், எங்கட பழைய வழமையில இந்தக் கையெழுத்து இருந்திருக்காது, 1911ல வெள்ளைக்காரன் தங்கட ஊர்ச் சட்டத்தைப் பாத்துப் புகுத்தினது தான்.

பெப்ரவரி 13, பின்னேரம்

நேற்று கடைசியா எழுதினது பிழை. ஒரு சட்டத்தரணி அக்கா இண்டைக்குத் தனியா எழுதித் திருத்தினவ, நன்றி அக்கா. ஒல்லாந்தர் எழுதுவிச்ச பழைய கோவையிலேயே நன்கொடை பற்றின பகுதியில, மனிசி புருசன்ர விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவ, அவற்ற சம்மதம் இல்லாமல் ஒண்டும் நன்கொடை குடுக்க ஏலாது எண்ட மாதிரி இருக்கு. அப்ப 1911 புதுசாப் புகுத்தேல்லை, இருந்ததை ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தளத்தியிருக்கு. அசையும் சொத்தை அவவின்ர கையில விட்டது 1911 தான்.

பகல் முழுக்க இதை யோசிச்சன், ஏனெண்டா எனக்கு உள்ளுக்க ஒரு ஆசை இருந்திருக்கு, எங்கட ஆக்கள் நல்லவை, கெடுத்தது வெளியாள் எண்டு. நீங்கள் இழை தொடங்கேக்க நினைச்ச அதே ஆசை தான், நான் மற்றப் பக்கத்தால வந்திருக்கிறன். பேந்து யோசிச்சா, ஒல்லாந்தன் கேட்டது ஆரை? பெரிய ஆம்பிளையளை. ஒப்பம் வச்ச 12 பேரும் முதலிமார். அவையின்ர வீட்டுப் பொம்பிளையள் கிணத்தடியில என்ன வழமையைக் கதைச்சினமோ அது கோவையில ஏறேல்லை. அப்ப "எங்கட வழமை" எண்டு நாங்கள் பிடிச்சுக்கொண்டிருக்கிறது அந்தக் காலத்து வழமையின்ர ஒரு பக்கம் தான், கேட்டவைக்குக் காட்டின பக்கம்.

பெப்ரவரி 13, இரவு

மட்டக்களப்பில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, "எங்களுக்கும் இது இருக்கோ அக்கா?" இல்லை அம்மா. கிழக்கில முக்குவர் சட்டம் எண்டு தாய்வழிச் சட்டம் இருந்தது, 1876 கட்டளைச் சட்டத்தோட அது போச்சு. இப்ப உங்களுக்குப் பொதுச் சட்டம். 1923ல மணமான பெண்களின்ர சொத்துக் கட்டளைச் சட்டம் வந்தாப் பிறகு பொதுச் சட்டத்துக்குக் கீழ வாற பொம்பிளை தன்ர காணியைத் தனியக் கையெழுத்து வச்சு விக்கலாம். அதாவது 100 வருசம் தாண்டிட்டுது. கரையோரச் சிங்களப் பொம்பிளை விக்கலாம், மட்டக்களப்புத் தமிழ்ப் பொம்பிளை விக்கலாம், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பொம்பிளை விக்க ஏலாது.

ஆனா தங்கச்சி, கவனமா இருங்கோ. 3ம் பிரிவு என்ன சொல்லுது எண்டா, தேசவழமைக்குள்ள வராத பொம்பிளை தேசவழமைக்காரரைக் கலியாணம் முடிச்சா, கலியாணம் இருக்கிற காலம் முழுக்க அவவும் அதுக்குள்ள வந்திடுவா. மற்றப் பக்கமும் அப்பிடித்தான், யாழ்ப்பாணத்துப் பெட்டை வெளியில முடிச்சா அவவுக்குத் தேசவழமை இல்லை. நீங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியனை முடிச்சா, அண்டு காலமை வரைக்கும் உங்கட கையெழுத்துக்கு இருந்த பெறுமதி பின்னேரம் குறைஞ்சிடும். பெடியன் பொதுச் சட்டக்காரியை முடிச்சாப் பொதுச் சட்டத்துக்கு மாறுறாரோ? இல்லை. பொம்பிளை தான் மாறுறா.

இதை டைப் பண்ணேக்கயே எனக்குக் கை நடுங்குது.

பெப்ரவரி 14

கொழும்பில இருக்கிற ஒருத்தர், வெள்ளவத்தையில பிளாட், அதுக்கும் பொருந்துமோ எண்டு. பொருந்தலாம். தேசவழமை இடத்தோட போறதில்லை, ஆளோட போறது. வடக்கு மாகாணத் தமிழ் வாசி எண்டா நாட்டில எங்க காணி இருந்தாலும் வரும். நீங்கள் கொழும்பிலேயே நிரந்தரமா இருக்கிற முடிவோட இருக்கிறீங்களோ, கலியாணம் நடக்கேக்க எந்த ஊர்வாசி எண்டதெல்லாம் வழக்குக்கு வழக்கு பாப்பினம். கந்தோரில நடக்கிறது என்னெண்டா, சந்தேகம் எண்டா நொத்தாரிசு புருசன்ர கையெழுத்தையும் வாங்கி வச்சிடுவார், பிறகு வாங்கின ஆளுக்குப் பிரச்சினை வரக்கூடாது எண்டு. அதால சட்டம் பொருந்தாத பொம்பிளையளிட்டயும் அந்தக் கோடு வந்திடுது.

 

பெப்ரவரி 17

மூண்டு நாள் வரேல்லை, கந்தோரில வேலை.

ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், "புருசன்ர கையெழுத்து பொம்பிளைக்குப் பாதுகாப்பு, ஏமாத்திப்போடுவாங்கள், தமையன்மார் எழுதி வாங்கிப்போடுவாங்கள்." அண்ணை, நீங்கள் மனசாரச் சொல்லுறீங்கள் எண்டு தெரியுது, அதால நான் கண்டதைச் சொல்லுறன். ஒரு நாள் ஒரு தம்பதி வந்தவை, அவவின்ர சீதனக் காணி விக்க. வாங்குற ஆக்களும் வந்து இருக்கினம், தேத்தண்ணியும் குடிச்சாச்சு. அவ கையெழுத்து வச்சிட்டா. அவர் பேனையை எடுத்தார், மூடியைக் கழட்டினார், திரும்பப் போட்டார், "முதல் அந்த லோன் கதையைப் பேசி முடிப்பம்" எண்டார். தன்ர தம்பிக்கு மோட்டச் சைக்கிள் எடுக்கிற காசை அதுக்குள்ள இருந்து தாறதெண்டு எல்லாருக்கும் முன்னால அவ சொல்ல வேணுமாம். அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு "சரி" எண்டா. பேந்து தான் மூடி திரும்பக் கழண்டது.

ஒரு ஆளின்ர கையில பேனை இருக்கிறது பாதுகாப்பு எண்டா, அவவின்ர கையிலயும் அவற்ற காணிக்கு ஒரு பேனை இருக்க வேணும். அதைத்தான் சீடோவின்ர 16ம் உறுப்புரை சொல்லுது, கலியாணத்துக்குள்ள சொத்தை வச்சிருக்க, வாங்க, நிர்வகிக்க, குடுக்க ரெண்டு பேருக்கும் ஒரே உரிமை எண்டு. 15ம் உறுப்புரையும் அதே தான், ஒப்பந்தம் செய்யவும் சொத்தை ஆளவும் சம உரிமை. குடும்பத்தை உடைக்கச் சொல்லி அதில ஒரு வரியும் இல்லை. ரெண்டு பேரும் குடியிருக்கிற வீட்டை விக்க ரெண்டு பேரின்ர சம்மதமும் வேணும் எண்டு ஒரு விதி கொண்டு வந்தா நானே முதல் ஆளாக் கை தூக்குவன்.

பெப்ரவரி 17, பிந்தி

அப்ப சீடோ இருக்கு, அரசியலமைப்பில 12ம் உறுப்புரை பால் அடிப்படையில பாரபட்சம் கூடாது எண்டு இருக்கு, ஏன் ஆரும் வழக்குப் போட்டு 6ம் பிரிவை இல்லாமல் செய்யேல்லை? கன பேர் கேட்ட கேள்வி.

16ம் உறுப்புரை (அரசியலமைப்பின்ர 16, சீடோவின்ர 16 இல்லை, ரெண்டுக்கும் ஒரே இலக்கமாப் போச்சு) குறுக்க நிக்குது. 1978 அரசியலமைப்பு வரேக்க இருந்த சட்டம் எல்லாம், எழுதினதோ எழுதாததோ, அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தாலும் செல்லும் எண்டு அது சொல்லுது. ஒரு கையால சமத்துவத்தைக் குடுத்து மறுகையால பழைய சட்டத்துக்குக் குடை பிடிச்சிருக்கு. சர்வதேசச் சமவாயத்தை நேர காட்டவும் ஏலாது, பாராளுமன்றம் அதை உள்ளூர்ச் சட்டமா ஆக்கினாத்தான் நீதிமன்றத்தில நிக்கும், 2006ல உயர் நீதிமன்றமும் அந்த நிலைப்பாட்டைத்தான் எடுத்தது. சீடோவைக் கண்காணிக்கிற ஐநா குழு 2017ல இலங்கையின்ர அறிக்கையைப் பாத்திட்டு இந்த 16ஐ எடுங்கோ, பாரபட்சமான தனியார் சட்டங்களைத் திருத்துங்கோ எண்டு சொன்னது. இண்டைக்கும் நான் அதே வரியை அடிக்கிறன்.

2002ல சீடோவின்ர விருப்புரிமை நெறிமுறையிலயும் இலங்கை சேந்தது. உள்ளூரில எல்லாக் கதவையும் தட்டிப்போட்டு ஒரு பொம்பிளை நேர குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். 2022ல தண்டனைச் சட்டக்கோவை சம்பந்தமா ஒரு பெண் போட்ட முறைப்பாட்டில குழு இலங்கை மீறியிருக்கு எண்டு முடிவு சொன்னது. அப்ப வழி திறந்து தான் கிடக்கு. ஒண்டரைப் பரப்புக்காக ஜெனிவாவுக்கு எழுதுற தெம்பு எந்தச் சின்னம்மாவுக்கு இருக்கு எண்டது தான் கேள்வி.

பெப்ரவரி 18

புத்தளத்துச் சிநேகிதி ஒருத்தி இதை வாசிச்சிட்டு போன் எடுத்தவ. "உங்களுக்கு உங்கட கையெழுத்து மட்டும் காணாது, எங்களுக்கு எங்கட கையெழுத்தே இல்லை" எண்டவ. 1951 முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில பொம்பிளை தன்ர கலியாணப் பதிவில கையெழுத்து வைக்கிறேல்லை, அவவுக்காக வலி எண்ட ஆண் பாதுகாவலர் வைப்பார். திருத்த வேணும் எண்டு முஸ்லிம் பொம்பிளையள் தான் பத்துக்கணக்கான வருசமாக் கத்தினம், 2009ல குழு வச்சவை, அறிக்கை 2018ல வந்தது. கண்டியச் சட்டத்திலயும் தீக விவாகம், அதாவது புருசன் வீட்டுக்குப் போற கலியாணம், முடிச்சுப் போற மகளுக்குத் தேப்பன்ர பரம்பரைச் சொத்தில பங்கு போயிடும். எல்லாத்துக்கும் மேல அதே 16ம் உறுப்புரையின்ர குடை.

போனை வச்சிட்டு நான் கன நேரம் இருந்தன். இவ்வளவு நாளும் நான் இதை யாழ்ப்பாணத்து விசயம் எண்டு தான் பாத்தனான்.

பெப்ரவரி 21

இந்தச் சங்கதி எங்களுக்கு மட்டும் இல்லை எண்டு காட்ட ஒரு வழக்கு. தன்சானியாவில ஹயா எண்ட சமூகம், அங்க வழமைச் சட்டப்படி பொம்பிளைக்குக் குலத்துக் காணி வந்தாலும் விக்க உரிமை இல்லை, அனுபவிக்கலாம், அவ்வளவு தான். ஒரு வயசான அம்மா, தேப்பன் மரணசாசனத்தில குடுத்த காணியை வெளியாளுக்கு வித்துப்போட்டா. குலத்து மருமகன் வழக்குப் போட்டார், விற்பனை செல்லாது எண்டு. 1990ல மேல் நீதிமன்ற நீதிபதி, அந்த விதி பாரபட்சம், சீடோவை நாடு ஏற்றிருக்கு, அரசியலமைப்பில உரிமைச் சாசனம் இருக்கு, ஆம்பிளை மாதிரியே பொம்பிளையும் விக்கலாம் எண்டு தீர்த்தார். வாசிக்கேக்க எனக்குக் கண் கலங்கினது. அந்த அம்மாவின்ர காணியும் என்ர சின்னம்மாவின்ர காணியும் ஒண்டு தான்.

பெப்ரவரி 21, இரவு

மேல எழுதினதில பாதிக் கதை தான் இருக்கு. அதே தன்சானியாவில ரெண்டு விதவையளை வழமைச் சட்டத்தைக் காட்டி வீட்டால கலைச்ச விசயம் சீடோக் குழுவுக்குப் போய் 2015ல தான் முடிவு வந்தது. 1990 தீர்ப்புக்கு 25 வருசத்துக்குப் பிறகு. அப்ப ஒரு நல்ல தீர்ப்பு வந்தவுடன ஊர் மாறிடும் எண்டு நான் நினைக்கேல்லை. 6ம் பிரிவை நாளைக்கே எடுத்தாலும் கந்தோர் வாசலில "அவர் எங்க?" எண்ட கேள்வி கொஞ்சக் காலம் நிக்கும். ஆனா அந்தக் கேள்விக்கு "அவர் தேவையில்லை" எண்டு சொல்ல அவவுக்கு ஒரு கடதாசி இருக்கும். சின்னம்மாவுக்கு அது இல்லாமல் தான் 14 மாசம்.

பெப்ரவரி 25

காணாமல் போனவையின்ர மனிசிமாரைப் பற்றி ஏன் எழுதேல்லை எண்டு ஒரு அக்கா கோவிச்சிருக்கிறா. எழுதப் பயமா இருந்தது, அது தான் அக்கா.

ஒரு அம்மா வந்தவ. புருசன் 2009ல காணாமல் போனவர். சீதனக் காணியில ஒரு துண்டை மகனுக்கு நன்கொடையா எழுத வேணும், மகன் அதைக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கப் போறார். ஐயா வடிவா விளங்கப்படுத்தினார்: 2010 சட்டப்படி மரணச் சான்றிதழ் எடுக்கலாம், அது வேண்டாமெண்டா 2016 திருத்தத்துக்குப் பிறகு ஆளைக் காணேல்லை எண்டு ஒரு சான்றிதழ் இருக்கு, அதை வச்சு "இருப்பிடம் தெரியாது" எண்டு மனுப் போடலாம்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. பையில இருந்து ஒரு படம் எடுத்து மேசையில வச்சா, பாஸ்போட் சைஸ், ஓரம் மஞ்சளிச்சது. "இருப்பிடம் தெரியாது எண்டு நான் எழுத மாட்டன், தெரிஞ்சவை இருக்கினம், அவை சொல்லேல்லை. அவர் வந்து கையெழுத்து வைப்பார்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டா. படத்தை விட்டிட்டுப் போட்டா எண்டு பாத்து நான் தான் பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் ஓடிக் குடுத்தனான்.

ஒரு சட்டம் ஒரு பொம்பிளையிட்ட தன்ர காணியைக் குடுக்கிறதுக்கு, உன்ர மனிசன் எங்க எண்டு உனக்குத் தெரியாது எண்டு எழுதித் தா எண்டு கேக்குது. பொதுச் சட்டக்காரி எண்டா இந்தக் கேள்வியே வந்திராது. அவவின்ர போராட்டம் அவவின்ர போராட்டமா இருக்கும், காணி காணியா இருக்கும்.

மார்ச் 2

"அப்ப தேசவழமையை ஒட்டுமொத்தமா எடுத்தெறியச் சொல்லுறீங்களோ?" இழை தொடங்கினவர் திரும்ப வந்திருக்கிறார், சந்தோசம்.

இல்லை. தாய் குடுத்த வீட்டில மகள் இருக்கிறதால, மனிசன் குடிச்சிட்டு வந்து "வெளிய போ" எண்டா "நீங்கள் போங்கோ, இது என்ர வீடு" எண்டு சொன்ன பொம்பிளையளை எனக்குத் தெரியும். அது தேசவழமை குடுத்த தைரியம். அதை நான் ஆருக்கும் விட்டுக்குடுக்க மாட்டன். நான் கேக்கிறது 6ம் பிரிவில உள்ள சம்மதத்தை எடுங்கோ, 3ம் பிரிவில பொம்பிளை மட்டும் மாறுறதை எடுங்கோ.

இன்னொண்டும் இருக்கு, இவ்வளவு நாளும் நான் தொடேல்லை. சீதனம் வாங்கின மகளுக்குத் தாய் தேப்பன்ர மிச்சச் சொத்தில பங்கு இல்லை எண்டுற விதி. சகோதரங்கள் இருந்தா அவைக்குத்தான். சீதனம் தான் பங்கு எண்டு கணக்கு. ஒரு காலம் அது நியாயமா இருந்திருக்கலாம். இப்ப டொனேசன் எண்டு காசா மாப்பிளை வீட்டுக்குப் போகுது, அவரின்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கு அது செலவாகுது, பெட்டையின்ர கையில ஒண்டும் நிக்கிறேல்லை, பேந்து தேப்பன் செத்தாப் பிறகு "உனக்குத் தந்தாச்சு" எண்டு சொல்லினம். எங்க தந்தது, ஆருக்குத் தந்தது? அதாலதான் இப்ப கன தாய் தேப்பன் சீதன உறுதி வேண்டாம், நன்கொடை உறுதியா எழுதுங்கோ எண்டு கேக்கினம், தங்களுக்குச் சீவிய உருத்து, அதாவது சாகும் வரைக்கும் அனுபவிக்கிற உரிமை, வச்சு. ஊர்ச் சனம் சட்டத்துக்கு முன்னமே நடந்திட்டுது. வழமை எண்டா அது தானே, ஆக்கள் செய்யிறது.

மார்ச் 3

ஒரு சின்னத் திருத்தம். "எல்லாச் சட்டமும் அப்பிடியே கிடக்கு" எண்ட மாதிரி எழுதிப்போட்டன் போல. அரச காணிக்கான 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில மகளுக்கு முன்னால மகனை வச்ச பட்டியல் இருந்தது, அதை 2022ல திருத்தினவை. கன காலம் பொம்பிளையள் கேட்டுக் கேட்டுக் கிடைச்சது. அப்ப திருத்த ஏலாது எண்டு ஒண்டும் இல்லை.

மார்ச் 9

இண்டைக்குச் சின்னம்மா கந்தோருக்கு வந்தவ. மிச்சம் இருக்கிற ஒண்டரைப் பரப்பையும் வீட்டையும் மரணசாசனமா எழுத. நான் தான் சொல்லி வரவச்சது. மகளுக்கு அரைவாசி, மகனுக்கு அரைவாசி, கிணத்துப் பங்கு ரெண்டு பேருக்கும்.

நான் டைப் பண்ணி வாசிச்சுக் காட்டினன். முடிய முதலே கேட்டா, "பிள்ளை, இதுக்கு அவற்ற கையெழுத்து வேணுமோ?" வேண்டாம் சின்னம்மா. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டா, கோட்டுக்கும் போகத் தேவையில்லையோ எண்டு. தேவையில்லை. ஐயாவும் தேவையில்லை எண்டார். அவவுக்கு அப்பவும் நம்பிக்கை வரேல்லை, கடதாசியைக் கையில வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்க எத்தினை கோடு இருக்கு எண்டு விரலால எண்ணினவ. தனக்கு ஒண்டு, சாட்சிக்கு ரெண்டு, நொத்தாரிசுக்கு ஒண்டு.

பேந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறுதலா, முழுப் பேரையும் எழுதினவ.